மார்ச் மாதத்து மைக்கேல்

பதிவேட்டைத் தொடுவதற்கு முன்னால் கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள் கிட்டி லோனி. நோனி வீட்டிலேயே கழுவிவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனாலும் பங்குச் சாமியார் வீட்டின் பின்கட்டுக் குழாயில் மறுபடி ஒருமுறை கழுவி, கோட்டில் துடைத்தால் மயிர் ஒட்டுமே என்று கையை உதறிக்கொண்டே மேசைக்கு வந்தாள்.

"நல்லாக் காயட்டும்டி. நூத்தம்பது வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கிற புஸ்தகம், இன்னும் ரெண்டு நிமிஷம் காத்திருக்காதா?" என்றாள் கிட்டி.

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இப்போது இருவருக்கும் அறுபத்தொன்பது. கிட்டி வாரத்தில் மூன்று நாள் வந்து பங்கின் காகிதங்களைப் பார்த்துக்கொள்கிறாள். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் அவள் சாவிக்கொத்தில் இருந்தன. மழை ஜன்னலில் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. கிட்டி பழுப்பேறிய அட்டையைத் திறந்து, ஒவ்வொரு தாளாக, தூங்குகிற குழந்தையைப் புரட்டிப் போடுவதுபோலப் புரட்டினாள்.

நோனி வந்திருந்தது வால்ட்டருக்காக. வால்ட்டர் சல்லிவன் அமெரிக்காவில், மொன்டானாவில், பியூட் என்ற சுரங்க ஊரில் இருக்கிறவன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன், மனைவியை இழந்தவன். அவனுடைய கொள்ளுத்தாத்தா மைக்கேல் அயர்லாந்தின் இந்தக் கரையிலிருந்து கப்பலேறிப் போய், அங்கே செம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்து, 1911-ல் பாறை சரிந்து செத்தவர். இத்தனை காலம் அவருக்குக் கல்லறைக் கல் கிடையாது. இப்போது வால்ட்டர் ஒன்று வைக்கிறான். கல்லில் வெட்டுவது அழியாத விஷயம், பிறந்த ஊரையும் தேதியையும் ஒருமுறை மூலப் பதிவேட்டிலேயே பார்த்துச் சொல்லிவிடு என்று எழுதியிருந்தான். பங்கின் ஞானஸ்நானங்களைத் தொகுத்து அச்சில் வந்த பட்டியலைப் பார்த்துத்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் நோனியின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தான்.

அந்த நாள் நோனிக்கு நன்றாக நினைவிருந்தது. அண்ணன் மர்ட்டி அப்போது உயிரோடு இருந்தான். மழையில் பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றவனைப் பார்த்து மர்ட்டி, "சல்லிவனா? எந்தச் சல்லிவன்?" என்று கேட்டான். வந்தவனுக்குக் கேள்வி புரியவில்லை. "வெறும் சல்லிவன்தாங்க" என்றான். மர்ட்டி இருமல் வரும்வரை சிரித்தான்.

அந்தப் பங்கில் பாதிப் பேர் சல்லிவன்கள். மீதிப் பேரின் அம்மாக்கள் சல்லிவன்கள். அதனால் பெயர் என்பது அங்கே பெயரே இல்லை. வகையறாவைச் சொன்னால்தான் ஆள் யாரென்று விளங்கும். பாலத்தடிச் சல்லிவன்கள், பேசாத சல்லிவன்கள், மலைக்கு அந்தப் பக்கம் கூமீனில் செம்பட்டைச் சல்லிவன்கள். நோனியின் வீட்டார் தையல் சல்லிவன்கள். எந்தக் காலத்திலோ ஒரு முப்பாட்டன் கால்சட்டை தைத்தான், அவ்வளவுதான். அவனுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவருக்கும் பொத்தான் தைக்கக்கூட வராது. செம்பட்டைச் சல்லிவன்களிலும் மூன்று தலைமுறையாக ஒரு செம்பட்டைத் தலை பிறக்கவில்லை. தபால்காரரும் டாக்டரும் வகையறாவைத்தான் கேட்பார்கள், ஆனால் அது எந்தக் காகிதத்திலும் இருக்காது. வாயில்தான் இருக்கும். கப்பலேறிப் போனவர்கள் முதலில் தொலைத்தது அதைத்தான்.

வால்ட்டரின் கோப்பில் தகப்பன் பெயர் டேனியல், தாய் மேரி ஹாரிங்டன், ஊர் டெரீன் என்று இருந்தது. நோனியின் தாத்தா கர்னீலியசின் அப்பாவும் டேனியல்தான், அம்மாவும் மேரி ஹாரிங்டன்தான், ஊரும் டெரீன்தான். தாத்தா சில சமயம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒரு அண்ணன் இருந்தான், மைக்கேல்னு. போயிட்டான்" என்று சொல்வாராம். வீட்டுக்கு மூன்று பேர் அமெரிக்கா போன காலம் அது. போயிட்டான் என்றால் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. மர்ட்டி கோப்பை மூடிவைத்துவிட்டு, "அப்ப நீ தையல் சல்லிவன். உட்காரு" என்றான்.

அன்று உட்கார்ந்தவன்தான். ஒவ்வொரு செப்டம்பரும் வந்து பன்னிரண்டு நாள் தங்கினான். அவனுக்கு வெங்காயம் ஒத்துக்கொள்ளாது, தேநீர் வெளுப்பாக இருக்க வேண்டும், காலையில் முழங்கால் பிடித்துக்கொள்ளும். மர்ட்டி இறந்த வருஷம் வந்தபோது, பூசைக்கே போகாத அந்த மனிதன் சமையலறை நாற்காலியைத் திருப்பிப் போட்டு மண்டியிட்டு அவளோடு ஜெபமாலை சொன்னான், வார்த்தை தெரியாத இடங்களில் முணுமுணுத்துக்கொண்டு. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு அவனிடமிருந்து தொலைபேசி வரும். அவனுக்கு அப்போது காலை பத்து. நோனி திங்கட்கிழமையிலிருந்தே அவனிடம் சொல்ல வேண்டியவற்றைச் சேர்த்துவைப்பாள். ஒன்றுமே நடக்காத வாரமாக இருந்தால் வெள்ளிக்கிழமை மெனக்கெட்டுப் படகுத்துறைவரை நடந்துபோய் எதையாவது பார்த்துவிட்டு வருவாள்.

"இந்தா இருக்கு" என்றாள் கிட்டி. "மார்ச் பதினாலு, 1868. மைக்கேல். டேனியல் சல்லிவன், மரியா ஹாரிங்டன். டெரீன்."

லத்தீனில் எழுதியிருந்ததால் மேரி அங்கே மரியா. எழுத்து சின்னதாக, வலப்பக்கம் சாய்ந்து இருந்தது. நோனி தொடவில்லை. குனிந்து பார்த்தாள். பெயருக்கு இடப்புறம் ஓரத்தில் வேறு ஒரு பேனாவால் ஒரு சின்னச் சிலுவை. அதன் பக்கத்தில் இரண்டு சொல்.

"அது என்ன?"

கிட்டி விரலை எழுத்தின் மேல் படாமல் நகர்த்தினாள். "இறந்தான்னு போட்டிருக்குடி. பிப்ரவரி 1871."

சுவர்க் கடிகாரம் இரண்டு அடி நடந்தது. மூன்று வயசு முடியவில்லை என்று நோனி கணக்குப் பார்த்தாள். தாத்தா பிறந்தது 1872. அவர் அந்த அண்ணனைப் பார்த்ததே இல்லை.

கிட்டி தாளைப் புரட்டிக்கொண்டே போனாள். எதையோ தேடுகிறவள்போல இல்லை, எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள்போல. அதே வருஷம் அக்டோபரில் ஒரு பக்கம் ஈரம் பட்டுத் தேநீர்க்கறை நிறத்தில் இருந்தது. மை வெளிறிப்போயிருந்தது. "அச்சடிச்ச பட்டியல்ல இந்தப் பக்கமே வரல. தட்டச்சு பண்ணினவன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது. வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடி."

மைக்கேல். டேனியல் சல்லிவன், மரியா ஹாரிங்டன். ஊர் கூமீன். தகப்பன் பெயருக்குப் பின்னால் 'ரு' என்று ஓர் எழுத்து.

"ருவான்னா என்னன்னு உனக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்டுப் பழைய பேச்சில் ருவா என்றால் செம்பட்டை, 'ரு' அதன் சுருக்கம். வால்ட்டரின் கோப்பில் பியூட் கோயிலின் கல்யாணச் சீட்டு ஒன்று உண்டு. அதில் மைக்கேல் பிறந்தது அக்டோபர் என்று இருந்தது. அந்தக் காலத்தில் யாருக்குப் பிறந்த நாள் தெரியும் என்று மர்ட்டியும் வால்ட்டரும் அதைச் சிரித்துத் தள்ளியிருந்தார்கள்.

கிட்டி பதிவேட்டை மூடினாள். மூக்கின் மேல் கண்ணாடி இருக்கும்போதே, "நான் ஒண்ணும் பார்க்கலடி. என் கண்ணாடி வீட்ல கெடக்கு. ஒரு மணிக்குக் கதவைப் பூட்டணும்" என்றாள்.

நோனி பேருந்துக்குக் காத்திராமல் கூமீன் வழியாகச் சுற்றிக்கொண்டு நடந்தாள். ஏன் அந்த வழி என்று அவளுக்கே தெரியவில்லை. செம்பட்டைச் சல்லிவன்களின் வீடு சாலை ஓரத்திலேயே இருந்தது. ஜெர் சல்லிவனும் மனைவி அஸும்ப்தாவும், ஐந்து பிள்ளைகள், பதினொரு பேரப்பிள்ளைகள். வாசலில் நான்கு கார், ஒரு டிராக்டர், கொடியில் கையகலக் காலுறைகள் வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. அவற்றை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உள்ளே ஒரே நேரத்தில் மூன்று பேர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் மற்றவர் பேசுவதைக் கேட்பதாகத் தெரியவில்லை. நோனி குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வேகமாகக் கடந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"பார்த்தியா நோனி?" என்றான் வால்ட்டர்.

"பார்த்தேன்."

"டெரீன்தானே? மார்ச் பதினாலுதானே?"

அவள் தொலைபேசிக் கம்பியைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "டெரீன்னு எழுதியிருக்கு. மார்ச் பதினாலுன்னு எழுதியிருக்கு. என் கண்ணால பார்த்தேன்" என்றாள். ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் அவளுக்குப் பிறகு பொறுக்க முடியாமல் போனது. பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

"நீ இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன்" என்று சொல்லிவிட்டு, அவன் தன் வீட்டுக் கொல்லையில் மான் வந்து ரோஜாச் செடியைத் தின்றதைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

மூன்று வாரம் கழித்துத் தபாலில் ஒரு புகைப்படம் வந்தது. நோனியிடம் கணினி கிடையாது என்பதால் அவன் எதையும் அச்செடுத்துத்தான் அனுப்புவான். கல்தச்சனின் முற்றத்தில் மர ஸ்டாண்டின் மேல் சாய்த்துவைத்த சாம்பல் நிறக் கல். மேல்பாதி வெட்டி முடிந்திருந்தது. மைக்கேல் சல்லிவன். அயர்லாந்து, கார்க் மாவட்டம், டெரீனில் 1868 மார்ச் 14 அன்று பிறந்தார். அதற்குக் கீழே பென்சில் கோடுகள் மட்டும். சாவும் சுரங்கமும் மனைவி மக்கள் பெயரும் அங்கே வர வேண்டும்.

அவள் படத்தைத் தட்டு அலமாரியில் சாய்த்துவைத்தாள். உருளைக்கிழங்கு உரிக்கும்போது அது தெரிந்தது. அடுப்பைக் கிளறும்போது தெரிந்தது. மறுநாள் அதைத் திருப்பிவைத்தாள், அப்புறம் பின்பக்கம் மட்டும் தெரிவது இன்னும் மோசமாக இருந்ததால் மறுபடி திருப்பினாள்.

வால்ட்டருக்குச் செய்வது துரோகம் என்றுதான் இத்தனை நாள் மனசு அரித்துக்கொண்டிருந்தது. அந்த அரிப்பை அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. அவனுக்கு வேண்டியது ஓர் ஊர். டெரீனாக இருந்தால் என்ன, கூமீனாக இருந்தால் என்ன, நடுவில் ஒரு மலைதானே என்று சொல்லிக்கொண்டாள். இப்போது வேறு ஒன்று உறுத்தியது. அந்தக் குழந்தை. இந்த வீட்டில், ஒருவேளை இதே அடுப்புக்கு முன்னால், மூன்று வருஷத்துக்கு ஒரு மாதம் குறைவாக இருந்துவிட்டுப் போனவன். பேச ஆரம்பித்திருப்பான். கோழியைத் துரத்தியிருப்பான். அவனை ஒன்பது வருஷமாக இவர்கள் மூவரும் சேர்ந்து கப்பலேற்றி, சுரங்கத்தில் இறக்கி, கல்யாணம் செய்துவைத்து, ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பனாக்கி, பாறைக்கு அடியில் போட்டுக் கொன்றிருந்தார்கள். அவனிடம் இருந்ததெல்லாம் ஒரு பெயரும் ஒரு பிறந்த தேதியும். பெயர் பொதுப் பெயர், யாரும் எடுத்துக்கொள்ளலாம். தேதி அவனுடையது. அதையும் எடுத்து வேறொருவர் தலைமாட்டில் வெட்டியாகிவிட்டது.

அன்று மத்தியானம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். தையல் சல்லிவன்களின் இடம் கடலைப் பார்த்த சுவரோரம். மர்ட்டி, அப்பா, அம்மா, தாத்தா கர்னீலியஸ் என்று கல்லில் பெயர்கள் இருந்தன. அதற்கு முன்னால் போனவர்களுக்குக் கல் இல்லை. புல் மட்டும் அங்கங்கே மேடு தட்டியிருந்தது. எந்த மேடு சின்னது என்று அவள் பார்த்தாள். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. குளிர் ஏறும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே தொலைபேசியை எடுத்தாள். இந்த ஒன்பது வருஷத்தில் அவளாக அவனை அழைத்தது அதுதான் முதல் தடவை.

"நோனி? என்னாச்சு? யாரு போயிட்டா?" அவன் குரலில் தூக்கம் போயிருந்தது.

"யாரும் போகல" என்றாள். பிறகு, "போயிட்டான். ஒரு பையன். 1871-ல" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். சிலுவை, பிப்ரவரி, கறை படிந்த பக்கம், அக்டோபர், 'ரு'. கூமீனில் ஒரு வீடு நிறைய அவனுடைய சொந்த இரத்தம் இருக்கிறது என்றும் சொன்னாள். அவன் குறுக்கே பேசவில்லை.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"உன் ஞாயித்துக்கிழமை போனுக்கு மூணு நாள் முன்னாடி."

"ஓ" என்றான். பிறகு, "அப்ப நாம ரெண்டு பேரும் யாரு நோனி?" என்று கேட்டான்.

அவள் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்லியிருக்கலாம் என்று பிறகு பல நாள் யோசித்தாள். ஆனால் பொய் சொல்லாமல் ஏமாற்றியவளுக்கு அப்போது உண்மையைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. "ஒரே பேரு இருக்கிற ரெண்டு பேரு" என்றாள்.

"சரி. கல்லை நிறுத்தச் சொல்லிடுறேன். நீங்க கூப்பிட்டுச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி" என்றான் அவன்.

கோபித்திருந்தால் தேவலை. அலுவலகத்தில் ஏதோ ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு, முகம் நினைவில்லாத ஊழியருக்குச் சொல்கிற நன்றியாக இருந்தது அது.

அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்கு அவள் அடுப்பு வேலையை முடித்துவிட்டுத் தொலைபேசிக்கு அருகில் உட்கார்ந்தாள். ஐந்தரைக்கு எழுந்து விளக்கைப் போட்டாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். சொல்வதற்குச் சேர்த்துவைத்தவை சேர்ந்துகொண்டே போயின. கிட்டி வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப்போட்டது, பூசை நடுவில் யாரோ ஒருவருடைய நாய் உள்ளே வந்து பீடத்தடியில் படுத்துக்கொண்டது, துறையில் ஒரு ஸ்பானியப் படகு மூன்று நாள் நின்றது. சொல்ல ஆளில்லாமல் போனதும் அவை நடந்தவையா, தான் நினைத்துக்கொண்டவையா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்தது. வெள்ளிக்கிழமை துறைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் முகப்பில் குடைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, அஸும்ப்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல், எந்நேரமும் யாராவது ஒரு பேரக்குழந்தை இடுப்பில்.

"நோனி, உங்களைத்தான் தேடிட்டு இருக்கேன். ஒன்பது வருஷமா எங்க வீட்டு ஆளை நீங்க பதுக்கி வச்சிருந்தீங்களாமே. போலீஸ்ல சொல்லட்டுமா?" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நோனியும் சிரிப்பதற்கு உண்டான இடத்தில் உதட்டை விரித்தாள்.

"எழுதினாரா?"

"எழுதினாரு, போன் பண்ணினாரு, இப்ப என் பேத்தி செல்போன்ல முகத்தைப் பார்த்துப் பேசுறாரு. ஜெருக்கு முதல்ல யாருன்னே விளங்கல. எங்க வீட்ல அமெரிக்கா போனவங்க பதினஞ்சு பேரு, அதுல யாரு எவருன்னு யாரு கண்டா? செப்டம்பர்ல வர்றாராம். எங்க வீட்ல படுக்க இடமில்ல, பையன் ரூமைத்தான் ஒழிச்சுக் கொடுக்கணும். ஆனா வர்றவரை வேணாம்னு சொல்ல முடியுமா?"

"அவருக்கு வெங்காயம் ஒத்துக்காது" என்றாள் நோனி.

"அப்படியா? அதெல்லாம் அவரே சொல்லிக்குவாரு." இடுப்பிலிருந்த குழந்தை அஸும்ப்தாவின் காதணியைப் பிடித்து இழுத்தது. அதன் விரல்களைப் பிரித்துக்கொண்டே அவள் வேறு யாரிடமோ பேசப் போய்விட்டாள். முழங்காலைப் பற்றிச் சொல்ல நினைத்தது நோனியின் நாக்கிலேயே நின்றது.

செப்டம்பரில் அவன் வந்தான் என்று தபால்காரர் சொன்னார். மூன்று நாள் கழித்து இரண்டு கார்கள் டெரீன் மேட்டில் ஏறி வந்து அவள் வாசலில் நின்றன. ஜெர், அஸும்ப்தா, ஒரு மகள், பேரப்பிள்ளைகள் ஐந்து, நடுவில் வால்ட்டர். கையில் புதிதாக ஒரு தடி. அஸும்ப்தா பெரிய கேக்கைத் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தாள். வந்தவர்கள் உட்கார நாற்காலி போதாமல் குழந்தைகள் படிக்கட்டில் உட்கார்ந்தன. ஜன்னலோர நாற்காலியில், ஒன்பது வருஷம் வால்ட்டர் உட்கார்ந்த இடத்தில், ஒரு சிறுமி ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். வால்ட்டர் விருந்தாளிகளுக்கான கதவோர நாற்காலியில் உட்கார்ந்து தடியை இரண்டு கால்களுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டான்.

நோனி தேநீர் ஊற்றினாள். அவன் கோப்பையில் பாதி வெந்நீரை விட்டாள், கேட்காமலேயே. அவன் கவனித்தான்.

ஜெர்தான் பேச்சை எடுத்தார். "கூமீன் மேல மூணு இடிஞ்ச வீடு இருக்கு. எங்க பழைய வீடு அதுல எதுன்னு எங்கப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியல. இவருக்குக் காட்டணும். மர்ட்டி அந்தப் பக்கம்தானே ஆடு விட்டுக்கிட்டு இருந்தாரு? உங்களுக்குத் தெரியுமா நோனி?"

அவளுக்குத் தெரியும். கார்களில் கூமீன் அடிவாரம்வரை போய் அங்கிருந்து மேலே ஏறும்போது குழந்தைகள் முன்னால் ஓடின. ஜெரும் அஸும்ப்தாவும் மூச்சு வாங்கிக் கீழே பாதி வழியிலேயே நின்றுவிட்டார்கள். நோனி வால்ட்டரின் முழங்காலுக்காக மெதுவாக நடந்தாள், அதற்காகத்தான் என்று காட்டிக்கொள்ளாமல் அங்கங்கே நின்று கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தாள். மூன்றாவது வீடு. கூரை இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் முட்செடி முளைத்திருந்தது. வாசல் மட்டும் முழுசாக, மேலே குறுக்குக்கல்லோடு நின்றது. வால்ட்டர் குனிந்து உள்ளே போய், நாலு சுவரையும் பார்த்துவிட்டு, வாசல் கல்லில் உள்ளங்கையை வைத்தபடி நின்றான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நோனியின் வீட்டுச் சுவரிலும் அவன் இப்படித்தான் கையை வைத்தான். அதை நினைத்துத்தான் அவன் கையைச் சீக்கிரம் எடுத்துவிட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

"உங்க மைக்கேல் எங்க இருக்கான்?" என்று கேட்டான்.

"கல்லறைத் தோட்டத்துல எங்கேயோ. புல்லுக்கு அடியில. தெரியல."

காற்று வாசல் வழியாக வந்து போனது. அவன் தடியின் நுனியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான்.

"புதுக் கல்லு வெட்டியாச்சு. கூமீன், அக்டோபர்னு. ஆனா பழைய கல்லு இன்னும் தச்சன் முத்தத்துல சுவரைப் பார்த்துத் திருப்பி வச்சுக் கெடக்கு. மேல இழைச்சு அழிச்சுட்டு வேற யாருக்காவது வித்துடவான்னு கேட்டான். சரின்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் பார்த்தா, அதுல வெட்டினது எதுவுமே தப்பில்ல. டெரீன், மார்ச் பதினாலு. எல்லாம் சரியா இருக்கு, ஆள்தான் வேற. நான் ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன். நீ என்ன சொல்ற நோனி?"

நாலாயிரம் மைலுக்கு அப்பால், தையல் சல்லிவன்கள் ஒருவருமே போகாத ஊரில், யாரோ ஒருவருடைய முற்றத்தில், அந்தப் பையனுக்கு ஒரு கல். உலகத்தில் அவனுக்கு உள்ள ஒரே கல்.

"கல்லு அப்படியே கெடக்கட்டும், அந்தப் பையனை அவசரப்படுத்தாதேன்னு தச்சன்கிட்டச் சொல்லு" என்றாள்.

"சொல்றேன்."

வேறு ஏதோ சொல்ல அவன் வாயைத் திறந்தான். அதற்குள், இறங்கி ஓடிவிட்டிருந்த குழந்தைகள் கீழேயிருந்து, "வால்ட்டர் மாமா, மழை வருது" என்று கத்தின. மாமா என்றதும் அவன் முகம் திரும்பிய வேகத்தை நோனி பார்த்தாள். அதில் அவளுக்குப் பொறாமை வரவில்லை. அந்த முகத்தை அப்படித் திருப்பவைக்க அவளிடம் ஒரு சொல்லும் இருந்ததில்லை என்பது மட்டும் தெரிந்தது.

கீழே கார்களில் எல்லோரும் ஏறினார்கள். வீட்டில் இறக்கிவிடுகிறோம் என்று ஜெர் சொன்னார், மலைக்கு மேலாக நடந்தால் பத்து நிமிஷம்தான் என்று நோனி மறுத்துவிட்டாள். வால்ட்டர் பின் இருக்கையில் இரண்டு குழந்தைகளுக்கு நடுவில் தடியை மடியில் படுக்கவைத்து உட்கார்ந்திருந்தான். கண்ணாடியை இறக்கி, "ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து ஜெர் எஞ்சினை முடுக்கினார், மீதி கேட்கவில்லை.

அவர்கள் வீட்டுக்குத் திரும்பும் கடலோரச் சாலை ஒற்றைக் கார் அகலம். எதிரே வண்டி வந்தால் தெரியாது என்பதால் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள். நோனி மேட்டின் உச்சிக்கு ஏறியபோது கடலிலிருந்து மூடுபனி எழுந்து சாலையை முழுசாக விழுங்கியிருந்தது. கார்கள் தெரியவில்லை. முதல் வளைவில் ஹாரன் கேட்டது. கொஞ்சம் கழித்து இரண்டாவது வளைவில். மூன்றாவதில் இரண்டு தடவை, யாரோ குழந்தை கையை நீட்டி அடித்ததுபோல. நான்காவது மெல்லிசாக, வெகுதூரத்தில் கேட்டது. ஐந்தாவது வளைவு பாலத்துக்கு அருகில், அது இன்னும் கேட்கவில்லை. அவள் தலைத்துணியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்த பனியைப் பார்த்தபடி நின்றாள்.